விண்டுபோன ரொட்டி

மூன்றாவது ரொட்டியும் கல்லில் போடும் முன்பே விண்டுபோனது.

“வெந்நீர் விட்டுத்தானே பிசைஞ்சே?” என்றாள் அக்கா.

“ஆமாக்கா. ஒட்டவே மாட்டேங்குது.”

அக்கா மாவுப் பொட்டலத்தை எடுத்துப் படித்தாள். “தண்டுக்கீரை விதை மாவு. புரதம் இருக்கு, இரும்புச்சத்து இருக்கு. பசைதான் இல்லை! ஒரு கை கோதுமை மாவு போடுடி. யாருக்குத் தெரியப்போகுது?”

“ஐயோ, வேண்டாம்!”

தங்கை மாவுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கல், கட்டை, பலகை எல்லாவற்றையும் இதற்காகவே புதிதாக வாங்கியிருந்தாள்.

“வர்றது யாரு, மகாராணியா? இப்படிப் பயந்து சாகிறே!”

அழைப்பு மணி அடித்தது. வாசலில் தங்கையின் மகனும் மருமகளும் நின்றார்கள். மருமகள் எட்டு மாதம் கழித்து வருகிறாள். கையில் தனக்கான சாப்பாட்டு டப்பா.

சாப்பிட உட்கார்ந்ததும், தட்டில் விழுந்த ரொட்டியை மருமகள் புரட்டிப் பார்த்தாள். ஓரமெல்லாம் வெடிப்பு.

“போன தடவை பூ மாதிரி இருந்துச்சே, அத்தை.”

கோதுமை தனக்கு ஆகாது என்று மருமகள் சொன்னதை வேஷம் என்று நினைத்து, அன்று ஒரு கை கோதுமை மாவை யாருக்கும் தெரியாமல் கலந்தவள் மாமியார்தான். மருமகள் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

“இன்னிக்கு… விண்டு விண்டு போகுதும்மா.”

“கலக்காம இருந்தா விண்டுதான் போகும், அத்தை.”

மருமகள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். பிறகு தன் டப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டுத் தட்டை நீட்டினாள்.

“இன்னொண்ணு போடுங்க.”