மஞ்சள் கோட்டுக்கு அப்பால்

காந்தப்புலம் எட்டு டெஸ்லாவைத் தாண்டியது. திரையில் மின்தடைக் கோடு இன்னும் நேராகத்தான் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் கண் கொட்டாமல் பார்த்தாள்.

காந்தத்தின் நடுவே, கடுங்குளிரில், கணவர் வளர்த்த கடைசிப் படிகம். நொய்யரிசியில் பாதி இருந்தால் அதிகம். நாற்பது நாள் கண்ணாடிக் குடுவையில் வளர்ந்தது. அந்த நாட்களில் யாரும் கதவைக்கூட ஓங்கிச் சாத்தக் கூடாது.

அவசரமாகக் குளிர்வித்தால் விரிசல் விடும். போன வருடம் இரண்டை அப்படித்தான் உடைத்தாள். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இது உடைந்தால் வளர்த்துத் தர ஆள் இல்லை. அவர் போய் மூன்று மாதம் ஆகிறது.

அடுக்கடுக்கான உலோகம் அது. எலக்ட்ரான்கள் தத்தம் அடுக்குக்குள்ளேயே சுற்றும், பக்கத்து அடுக்கை எட்டியும் பார்க்காது என்பது மற்றவர்கள் கட்சி. எப்போதாவது தாண்டும் என்பது அவர் கட்சி. மின்தடை எப்படியும் அலையலையாக எழும். தாண்டுவது உண்மையானால் மட்டும், அந்த அலை நடுவில் ஓரிடத்தில் தேய்ந்து மறுபடி பெருகும்.

அதைக் காட்டச் சொல்லித்தான் பத்து வருடமாக அவரைக் கேலி செய்தார்கள்.

காந்தத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதைத் தாண்டக் கூடாது.

அவருக்கு அதை வைத்த பிறகு, நான்கு வருடம் அவர் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் நின்றார். அங்கிருந்து திரை தெரியாது. கூட்டத்தில் சாமி பார்ப்பவர் போலக் கழுத்தை நீட்டுவார்.

"அலை வந்துதா?"

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம். அவளுக்கு எரிச்சலாக வரும்.

காந்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டால் அவரும் உள்ளே வந்து பார்க்கலாம். ஒரே ஒரு தரம் இறக்கேன் என்று கேட்டும் இருக்கிறார். இறக்க ஒரு மணி நேரம், மறுபடி ஏற்ற ஒரு மணி நேரம், குளிரூட்டும் ஹீலியம் வேறு வீண்.

"நாளைக்குப் பாத்துக்கலாங்க."

சாயங்காலம் அச்செடுத்த தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். சாப்பிடுவதை விட்டுவிட்டுத் தாளைத் தடவித் தடவிப் பார்ப்பார்.

ஒன்பது டெஸ்லாவில் திரைக் கோடு லேசாக நெளிந்தது.

பிறகு அலை. அடுத்தது அதைவிடப் பெரிதாக. அடுத்தது இன்னும் பெரிதாக.

பதினொன்றில் தேய்ந்தது.

அவள் நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். கருவியின் இரைச்சல் என்று நினைக்கும்படி கோட்டில் ஒரு சிறு நடுக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது.

பன்னிரண்டில் அலை மறுபடி எழுந்தது.

அவர் சொன்னது சரிதான். தாண்டியிருக்கிறது.

அழுகை வந்தது. சொல்ல ஆள் இல்லையே என்றுதான் வந்தது.

ஹீலியத்தைக் கவனிக்கும் கோதண்டம் கதவருகே வந்து நின்றார்.

"மேடம், ஹீலியம் இன்னும் ரெண்டு மணி நேரந்தான் தாங்கும். படிகத்தைக் கொஞ்சம் திருப்பி வெச்சு இன்னொரு அளவும் எடுத்துடுங்க."

தலையாட்டினாள். பிறகு கணினியில் பூஜ்யம் என்று அடித்தாள்.

கோதண்டம் எண்ணைப் பார்த்தார். பிறகு தரையில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தார்.

பத்து. ஏழு. மூன்று. ஒரு மணி நேரம் அவள் எழுந்திருக்கவில்லை.

பூஜ்யம்.

இன்னொரு நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டாள். மஞ்சள் கோடு வரை நடந்து போனாள்.

"வாங்க" என்றாள்.

கோதண்டம் கதவை விட்டு ஒதுங்கி வழிவிட்டார்.