இரண்டு கம்பங்களுக்கு நடுவே

முன்னால் போன லாரி ஊர்ந்ததில், ரயில்வே கேட்டின் இரண்டு தடுப்புக் கம்பங்களும் இறங்கிவிட, தண்டவாளத்தின் மேல் ஒரு கார் மாட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே கணவனும் மனைவியும். மதிய வெயிலில் சிவப்பு விளக்கு வெளிறி மின்னுகிறது; மணி ஓயாமல் அடிக்கிறது. கேட்கீப்பர் கைகளை ஆட்டியபடி ஓடிவருகிறார். “கம்பத்த இடிச்சிட்டுப் போங்க சார்! உடையற மாதிரிதான் வச்சிருக்கு!” கணவன் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருக்கிறான். “கவர்மென்ட் கம்பம்... கேஸாயிடும்.” நெருங்கும் ரயிலின் அதிர்வில், இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் பாட்டிலில் தண்ணீர் நடுங்கத் தொடங்குகிறது. “உயிரோட இருந்தாத்தானேங்க கேஸு!” மனைவி அவன் முழங்காலை இரு கைகளாலும் அழுத்துகிறாள். ஆக்ஸிலரேட்டர் மிதிபட, கார் பாய்கிறது; கம்பம் சுள்ளிபோல் ஒடிகிறது. முதுகுக்குப் பின்னால் ரயில் பெட்டி பெட்டியாகக் கடக்கிறது. சாலையோர மண்ணில் நின்ற காரின் கண்ணாடியைக் கேட்கீப்பர் தட்டுகிறார். “இறங்குங்க சார், ஒண்ணுமில்ல.” கணவனின் கை கதவைத் தடவித் தடவிக் கைப்பிடியைத் தேடுகிறது. அகப்படவில்லை.