மாற்றுச் சட்டைகள்

இப்போதெல்லாம் எந்தக் கம்பெனியும் விண்ணப்பம் வாங்குவதில்லை. ஒருவர் இணையத்தில் தன் பக்கத்தில் போடுவதை மாதக்கணக்கில் கவனித்து, பிடித்துப்போனால் வேலை உத்தரவைத் தானாகவே அனுப்பிவிடும். எட்வின் தினமும் ஒரு வீடியோ போடுவான். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பா தேவசகாயத்துக்குக் கஞ்சி ஊட்டுவான், முகம் துடைப்பான், சவரம் செய்துவிடுவான். வேலைக்காக என்று அதை ஆரம்பிக்கவில்லை. போகப்போக எதற்காகச் செய்கிறோம் என்பது அவனுக்கே குழம்பிப்போனது.

ஓசூர் கம்பெனி ஒன்று எழுதியிருந்தது: 'பெற்றவரை இப்படிப் பார்ப்பவர்தான் எங்களுக்குத் தேவை. திங்கட்கிழமை வந்து சேரவும். உங்கள் பக்கத்தைத் தொடர்ந்து கவனிப்போம்.'

படித்துக் காட்டிவிட்டு எட்வின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். இங்கே தூத்துக்குடியில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்துவிடலாம். ஆனால் ஓசூரில் இருந்துகொண்டு தினமும் வீடியோவுக்கு எங்கே போவது?

"வேண்டாம்னு சொல்லிரட்டாப்பா?"

"கிறுக்கன் மாதிரி பேசாதல." கோணிய வாயிலிருந்து சொற்கள் மெல்ல வந்தன. "பீரோவுல உள்ள சட்டையெல்லாம் எடு. ஒண்ணொண்ணா மாத்திவிட்டு வீடியோ எடுத்துக்கோ. அங்க போயி தெனம் ஒண்ணு போடு."

மத்தியானம் முழுக்க எடுத்தார்கள். நீலச் சட்டை, கட்டம் போட்டது, கோயிலுக்குப் போடுகிற வெள்ளை. தோளைத் தூக்கித் தூக்கி எட்வினுக்குக் கை ஓய்ந்தது. ஒவ்வொரு சட்டைக்கும் அப்பா நாலு வாய் கஞ்சி வாங்கிக்கொண்டார்.

"போதும்பா. வயிறு என்னத்துக்காகும்?"

"வயிறு அப்பவே நெறஞ்சிட்டு. நீ எடு," என்று சொல்லிவிட்டு, தேவசகாயம் மறுபடியும் வாயைத் திறந்தார்.