நாற்பத்தோரு கட்டங்கள்

"டெஸ், தயவுசெஞ்சு நீங்க பேசாதீங்க. டாம்சின் பதில் சொல்லட்டும்" என்றாள் ப்ரான்வின், மூன்றாவது முறையாக.

டெஸ் வாயை மூடிக்கொண்டார். பதினெட்டு வருடமாக மகள் டாம்சினுக்காகப் பேசிப் பழகிய அப்பாவின் வாய். சொன்னவுடன் மூடாது, மழைக்கு உப்பிப்போன கதவு மாதிரி இழுத்துத்தான் சாத்த வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பிள்ளை பிறப்பதற்கு ஒரு அம்மா போதும். அது வளர்ந்து தனிவீடு போவதற்குப் படிவம் வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைத் தனிக்குடித்தனத்துக்குத் தயார்ப்படுத்துவது ப்ரான்வினின் உத்தியோகம். அவள் கையிலிருந்த படிவத்தில் நாற்பத்தோரு கட்டங்கள். எல்லாவற்றிலும் டிக் விழுந்தால், சனிக்கிழமை டாம்சின் பல்லாரட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இரண்டு தோழிகளோடு புது வீட்டின் ஓர் அறையில் குடியேறுவாள். ஒன்று தவறினாலும் அந்த அறை வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்கு. வரிசை ரொம்ப நீளம். கடைசியில் நிற்பவர் இன்னும் பிறக்கவே இல்லை என்று கேள்வி.

டாம்சினுக்குப் பிறவியிலேயே மூளைவாதம். கால்களைச் சக்கர நாற்காலிக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நாக்கு குழறும். இடது கை மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கும். அந்தக் கையால் மடியிலுள்ள மின்பலகையில் எழுத்துகளைத் தட்டினால், லண்டன் சீமாட்டி ஒருத்தியின் குரல் தந்தி மாதிரி சுருக்கமாகப் பேசும். திட்டினாலும் மரியாதையாகக் கேட்குமே என்றுதான் அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"சமையல்?" என்றாள் ப்ரான்வின்.

"டோஸ்ட் மேல பீன்ஸ்," என்றாள் சீமாட்டி. "ஞாயித்துக்கிழமைன்னா, பீன்ஸ் மேல டோஸ்ட்."

"முட்டையும் உண்டு!" என்று பாய்ந்தார் டெஸ்.

"மைக்ரோவேவ்ல. வெடிச்சுது. அதோட கதவு இப்ப பக்கத்து வீட்டு ஷாரன் தோட்டத்துல."

ப்ரான்வின் முகத்தில் சர்க்கரை வழிந்தது. "முயற்சி பண்றதே பெரிய விஷயம் இல்லையா!" என்று டிக் போட்டாள். அவள் தொழிலில் 'தெரியாது' என்ற சொல்லே கிடையாது. 'வளர்ந்து வருகிறது' என்பார்கள். வீடு தீப்பிடித்து எரிந்தாலும், வெளிச்சம் வளர்ந்து வருகிறது என்று எழுதிவிட்டு இன்னொரு டீ கேட்பார்கள்.

"துணி துவைக்கிறது?"

"தெரியும். வெள்ளைத் துணி எல்லாம் இப்ப ரோஸ்."

"ஒரே ஒரு சிவப்பு சாக்ஸ் பண்ணின வேலை அது! அதுக்கு மனுஷங்க என்ன பண்ணுவாங்க?"

"டெஸ்..."

"சரி, சரி. மூடிட்டேன்."

"மாத்திரை நேரத்துக்குப் போடுறது?"

"இந்த மாசம் மூணு நாள் மறதி."

"ரெண்டு!" என்றார் டெஸ்.

"மூணு. ஒண்ணை நாய் தின்னுடுச்சு. நாய் நல்லா இருக்கு."

"ஊர்ல நாலு பேரோட பழக்கம்?"

"வெள்ளிக்கிழமை கிளப். இறைச்சி பரிசா தர்ற குலுக்கல் சீட்டு. சாசேஜ் தட்டு பரிசு விழுந்தது. அஞ்சு நிமிஷத்துல வீடு. மறுபடி போகல."

டெஸ் நெற்றியைத் தேய்த்தார். கண்ணெதிரே அறை கைநழுவிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் பாத்துச் சொல்லேன் கண்ணு. உனக்கு அந்த அறை வேணுமா, வேணாமா?"

"வேணும். பொய் வேணாம்."

"போன மாசம் ஒத்திகைக்கு ரெண்டு நாள் பிரிஞ்சு இருந்தீங்களே, அது எப்படிப் போச்சு?" என்றாள் ப்ரான்வின்.

"இருபத்திமூணு போன்."

"சந்தேகம் வந்தா போன் பண்ணித்தானே ஆகணும்?" என்றார் டெஸ்.

"அதுல நாலு, தூக்கம் வரலைன்னு."

ப்ரான்வின் முயற்சியைப் பாராட்டி டிக் போட்டாள். இப்படியே பாராட்டிப் பாராட்டி நாற்பது கட்டங்கள் நிறைந்துவிட்டன. பிறகு பேனாவை நிறுத்தினாள்.

"கடைசி. மனசுல பயம் வந்தா, அதை இன்னொருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்றது?"

டாம்சின் வெகுநேரம் தட்டினாள்.

"ஒரு தடவைகூட இல்ல. கதவைச் சாத்திக்கிட்டு ரேடியோவைச் சத்தமா வைக்கிறது. அவ்வளவுதான்."

"இதுக்கு என்னால சும்மா டிக் போட முடியாது, டெஸ்." அன்றைக்கு முதன்முறையாக ப்ரான்வின் குரலில் சர்க்கரை இல்லை. "இது இல்லாம சனிக்கிழமை இல்ல."

ப்ரான்வினுக்காக வாங்கி வைத்திருந்த லேமிங்டன் கேக் தட்டை டெஸ் இந்தப் பக்கம் நகர்த்தினார். பிறகு அந்தப் பக்கம். மேசையில் உதிர்ந்த தேங்காய்த் துருவலை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

"டாம்ஸ்... நீ போயிட்டா இந்த வீட்ல எனக்கு என்ன வேலைன்னே தெரியல. காலைல எதுக்கு எழுந்திரிக்கணும்னுகூட... பயமா இருக்கு கண்ணு."

சொல்லிவிட்டு அழுதார். ஒரு அப்பா அழுவதற்கு இதைவிடக் கெட்ட நேரம் பல்லாரட்டில் அமைந்ததில்லை. நாற்பது டிக்கும் அந்த ஈரத்தில் அழிந்தன என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ப்ரான்வின் சட்டென்று கடைசிக் கட்டத்தில் டிக் போட்டு, படிவத்தை டாம்சின் பக்கம் தள்ளினாள். 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் டாம்சின் இடது கையால் கையெழுத்திட்டாள்.

இதே படிவத்தில் அவள் போன மார்ச்சிலேயே பாஸ். அப்பாவும் பாஸாகாமல் நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்ததும் அவள்தான். படிவத்தின் உச்சியில், 'தனியாக வாழப் பயிற்சி பெறுபவர்' என்பதற்கு நேரே எழுதியிருந்தது: டெஸ்மண்ட் பிக்கெரிங், வயது அறுபத்தொன்று.