கொடிக்கால் வாசல்

அப்பத்தா நாகஜோதியை நினைத்தால் சோழவந்தானின் அந்தக் காலைதான் கண்முன் நிற்கிறது. பக்கத்து மனைக்காரர் தன் பிளாட்டுகளுக்குப் பாதை வேண்டி, எங்கள் வெற்றிலைக் கொடிக்காலை அழிக்க ஜேசிபியோடு வந்திருக்கிறார். இரும்புக் கை வேலிக்கு மேலே தொங்குகிறது. எஞ்சின் உறுமலில் அகத்தியில் படர்ந்த கொடிகள் நடுங்குகின்றன. அப்பத்தா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வாசலை மறித்து நிற்கிறாள். "கொடிக்காலுக்குள்ள செருப்புப் போட்டு வரக்கூடாதுய்யா. கழட்டிட்டு வா." டிரைவர் சிரிக்கிறார். "நான் கழட்டிருவேன் ஆத்தா. வண்டிக்கு எப்படிக் கழட்ட?" "அப்ப அது வெளியவே நிக்கட்டும்." அவள் குரலும் உயரவில்லை, காலும் நகரவில்லை. "கெழவி நகந்துக்கிரும், ஏத்து மாப்ள!" என்று கத்துகிறார் மனைக்காரர். டிரைவர் அவள் முகத்தையே பார்க்கிறார். பிறகு எஞ்சினை அணைத்து, இறங்கி வந்து, சாவியை மனைக்காரரிடம் நீட்டுகிறார். "நீங்களே ஏத்துங்கண்ணே." சாவியை வாங்க அவர் கை எழவில்லை.