மணிக்கூண்டு வரை

காதுக்குள் மாட்டும் அந்தக் குமிழ் வந்ததிலிருந்து வடிவுக்கு மாலை நடை இனித்தது. ஒருமுறை கேட்ட பேச்சை அது மறுபடி காதில் விழ விடாது. ஊர் வரலாற்றுப் பித்தரான கணவர் குற்றாலிங்கம் தபால் ஆபீஸிலிருந்து மணிக்கூண்டு வரை சொன்ன கதைகளையே சொல்லி வாயசைப்பார். அவள் தலையாட்டுவாள்.

ஒருநாள், "குடை எடுத்தியா?" என்று அவர் வழக்கம்போல் கேட்டதற்கும் தலையாட்டினாள். இருவரும் தொப்பலாக நனைந்தபோது குட்டு உடைந்தது. அவர் கோபப்படவில்லை.

மறுநாள் மணிக்கூண்டடியில் அவர் குரல் திடீரென்று கேட்டது. "இந்தக் கடிகாரத்தை வச்சது ஒரு யானை வியாபாரி. யானைக்கு நேரம் தெரியணுமாம்."

வடிவு நின்றுவிட்டாள். "வாய் கூசாம புளுகுறீங்களே. வச்சது உப்பு வியாபாரி. மக கல்யாணத்துல முகூர்த்தம் தப்பிப்போச்சுன்னு வச்சாரு. முதல் நாளே மணி பதிமூணு அடிச்சுது."

"அடிச்சதும்?"

"ஊரே மறுபடி எண்ணிப் பார்க்க மணிக்கூண்டடியில வந்து நின்னுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க தெரியுமா?"

"தெரியாதே," என்றார் குற்றாலிங்கம், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

குமிழைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு வடிவு சொல்லத் தொடங்கினாள். வீட்டு வாசலை எட்டியபோதும் கதை முடியவில்லை. இருவரும் மணிக்கூண்டை நோக்கித் திரும்பி நடந்தார்கள்.