பியூராக்காரி

அன்றைய நாற்பதாவது குரலை ரென்சோ ஓடவிட்டான்.

"வணக்கம். என் பேரு நொரைதா. வயசு அம்பத்தெட்டு. விடியறதுக்குள்ள எந்திரிச்சிடுவேன், ஆனா சத்தம் போடமாட்டேன். சமைச்சா கூட இருக்கறவங்களுக்கும் சேத்துத்தான் சமைப்பேன். இப்ப எட்டுப் பேரோட ஒரே ரூம்ல படுக்கறேன். மக ஒருத்தி இதே லிமாவுலதான் இருக்கா. அவ ரூம் சின்னது, அங்க தங்க முடியாது."

"நல்ல மகளாத்தான் பெத்திருக்கு," என்று ரென்சோ சிரித்தான்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி அறையில் நாங்கள் மூன்று பேர். அதன் ஒரே கதவு ரென்சோவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது.

பெருவின் தலைநகரான லிமாவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒத்துப்போகிற ரூம்மேட்டைத் தேடித் தருவதுதான் எங்கள் செயலி. கேள்விகளை வடிவமைத்தது நான். எத்தனை மணிக்கு எழுவீர்கள், பாட்டை எவ்வளவு சத்தமாக வைப்பீர்கள், மீன் பொரித்தால் ஜன்னலைத் திறப்பீர்களா. கடைசியில் முப்பது விநாடி அவரவர் குரலில் பேச வேண்டும். ஒருவரோடு வாழ முடியுமா என்பது குரலைக் கேட்டாலே தெரிந்துவிடும் என்று வாதாடி, அதைச் சேர்த்ததும் நான்தான்.

போன மாதம் எங்கள் முதலாளி உர்சுலா மேடம் அதற்கு வேறொரு பயன் கண்டுபிடித்தார்.

அறை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர், வெனிசுவேலாவிலிருந்து வருகிறவர்களை வைத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். அப்படி ஒரு பட்டன் வைத்தால் வழக்கு வரும். குரலைக் கேட்டு நாங்களே பிரித்துவிட்டால் வெளியே தெரியாது. அந்தப் பக்கத்துக் குரல்கள் பட்டியலின் அடிக்குப் போய்விடும். அவ்வளவு தூரம் யாரும் விரலால் தள்ளிக்கொண்டு போவதில்லை.

எங்களில் என் காதுதான் கூர்மை. வெனிசுவேலாவில் கராக்கஸா, மராக்காய்போவா, மலைப்பக்கமா என்று மூன்றே வார்த்தையில் சொல்லிவிடுவேன். "நம்ம வடக்கு பெருவுப் பியூராப் பொண்ணுக்கு எங்கேருந்து இப்படி ஒரு காது!" என்று மேடம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

அதற்குள் இருநூறு பேரை அடியில் தள்ளியிருந்தேன். ஒருவர் பல் மருத்துவர். ஒருத்தி பேசப் பேச மடியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"என்ன லிஸ், இது எந்தப் பக்கம்?" என்று கேட்டார் மேடம்.



"பியூரா," என்றேன்.

ரென்சோ திரும்பிப் பார்த்தான். "போடி. பாத்துப் பாத்துத்தான் பேசுது, ஆனா மகளப் பத்திச் சொல்லும்போது நழுவிடுச்சு. வார்த்தைக் கடைசிய முழுங்குது பாரு."

"எங்க ஊர்லயும் முழுங்குவோம்."

"எதுக்குச் சண்டை? கூப்பிட்டுக் கேட்டாப் போச்சு," என்ற மேடம் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். "நீயே கேளு. உன் ஊர்க்காரிதானே."

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் சந்தை இரைச்சல்.

"யாருங்க?"

"செனோரா நொரைதாதானே? ரூம்மேட் ஆப்லேர்ந்து பேசறோம்," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. "உங்களுக்கு... பியூராதானே?"

யாரோ எலுமிச்சம்பழம் கூவி விற்றார்கள். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. மேடம் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஆமாங்க, செனோரித்தா. பியூராதான்."

ரென்சோ விடுவதாக இல்லை. அவன் மனைவிக்கு அந்த ஊர். தொலைபேசியை நோக்கிக் குனிந்தான். "அப்ப சொல்லுங்க பாப்போம். உங்க ஊர்ல சின்னப் பிள்ளைய என்னன்னு கூப்பிடுவாங்க?"



"சுர்ரே," என்றது குரல், யோசிக்காமலே. "எங்க வீட்டுக்காரரு மகள அப்படித்தான் கூப்பிடுவாரு. அவ வளந்து ஆளான பிறகும். சாகறவரைக்கும்."

ரென்சோ இரண்டு கைகளையும் தூக்கினான். "சரிம்மா, நான் தோத்தேன்."

மேடம் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி வைத்தார். பட்டியலின் உச்சி. பிறகு என் தோளைத் தட்டினார்.

"இது நல்ல வழியா இருக்கே! இனிமே சந்தேகம் வர்ற ஒவ்வொருத்தரையும் நீயே கூப்பிட்டு இப்படிக் கேட்டுடு, லிஸ். இத உன் பொறுப்புல விட்டுடறேன்."

"சரி மேடம்."

தொடர்பைத் துண்டிக்கக் கையை நீட்டினேன்.

"செனோரித்தா," என்றது குரல். "மணி ரெண்டாகப் போகுது. நீங்க சாப்பிட்டீங்களா?"

ரென்சோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ரூம் கிடைக்கணும்னு என்னவெல்லாம் கேக்குது பாரு!"

"சாப்பிட்டேங்க, செனோரா," என்றேன்.

பியூரா அப்பாவின் ஊர். மராக்காய்போவில் பிறந்து வளர்ந்த நான் அதை அவர் வாயால் கேட்டதோடு சரி. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் இந்த வேலை கிடைத்தது. நான் குடியிருக்கும் அறையும் அப்படிக் கிடைத்ததுதான். வெனிசுவேலாக்காரி என்று தெரிந்தால் வீட்டுக்காரி அன்றைக்கே பெட்டியை வெளியே வைத்துவிடுவாள்.

அம்மா என்னை 'நீங்க' என்று சொல்லி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.